தனத்தின் கோழிகளும் வெள்ளிக்கிழமை ராகு காலமும்

அடி அண்ணாமலையில் தனத்தின் வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் கதவு எண் சொல்ல மாட்டார்கள். "கோழி டாக்டரம்மா வூடா? நேரா போ. எந்த வூட்டாண்ட கோழிக்கூண்டு இருந்தும் நாத்தம் வரலையோ, அதான்" என்பார்கள். கிரிவலப் பாதையை ஒட்டிய அந்தத் தெருவில் கோழி இல்லாத வீடு கம்மி. நாற்றமில்லாத கூண்டு ஒன்றே ஒன்றுதான். இந்தச் செய்தியைத் தனம் தன் வாயாலேயே நாளுக்கு நாலு தரம் சொல்லிவந்ததால் ஊரில் தெரியாதவர் கிடையாது.

வயது நாற்பத்தேழு. படிப்பு எட்டாவது. புருஷன் ஆதிமூலம் ரமணாசிரமத்துப் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறவன். வெள்ளைக்காரர்களோடு பேசிப் பேசி, வீட்டில் உப்பு கேட்பதைக்கூட இங்கிலீஷில் கேட்கிறான் என்பது அவளுடைய நிரந்தரப் புகார். பிள்ளைகள் இரண்டும் சென்னையில் வேலைக்குப் போய்விட்டன. வீட்டில் மிச்சம் இருபத்திரண்டு கோழியும் ஆதிமூலமும். இந்த வரிசையில்தான் அவள் எண்ணுவாள்.

கூண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வாள். நாலு மூலைக்கும் ஹாலோ பிளாக் கல் கொடுத்துத் தரையிலிருந்து இரண்டடி தூக்கி, உடைந்த இரும்புக் கட்டிலை வைத்துக் கட்டி, சுற்றிலும் கம்பி வலை அடித்தது. தகர ஷீட்டுக்கு மேலே தென்னங்கீற்று, சித்திரை வெயிலில் கோழி உள்ளேயே வெந்துவிடாமலிருக்க. தரையில் மூன்று விரல் உயரத்துக்கு உமி. ஈரமானால் அன்றைக்கே வாரிக் கொட்டிவிட்டுப் புது உமி. மாதம் ஒரு தடவை சுண்ணாம்பு. பேன் போவதற்காக ஓரத்தில் ஒரு குழி வெட்டி அதில் அடுப்புச் சாம்பல். கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள்: ஒன்று கீரிக்கு, இன்னொன்று மலையிலிருந்து இறங்கி வரும் குரங்குக்கு. முதல் தாழ்ப்பாளைத் திறக்கக் கற்றுக்கொண்ட குரங்கு எட்டு முட்டையோடு நடையைக் கட்டிய பிறகு போட்டது இரண்டாவது.

"நம்ம ரூமுக்கு இருக்கறது ஒரே ஜன்னல். கோழிக்கு நாலு பக்கமும் காத்து" என்று ஆதிமூலம் குறைப்பட்டால், "நீயும் தெனம் ஒரு முட்ட போடு. உனக்கும் வலை அடிச்சித் தரேன்" என்பாள்.

தெருவில் எந்தக் கோழி தலையைத் தொங்கப்போட்டாலும் தனத்தைத்தான் கூப்பிடுவார்கள். வந்து தூக்கிப் பார்ப்பாள், பின்பக்கத்தைப் பார்ப்பாள், எச்சத்தைப் பார்ப்பாள், பிறகு கோழி வைத்திருப்பவளை ஏற இறங்கப் பார்ப்பாள். "தண்ணி வைக்கற சட்டியக் கழுவி எத்தினி நாளாச்சி? அதுல நீ குடிப்பியா?" இது முதல் வைத்தியம். மருந்து அப்புறம்தான். சளிக்குத் துளசி, கழிச்சலுக்குக் கீழாநெல்லியும் சீரகமும் மஞ்சளும் அரைத்த உருண்டை, கொண்டையில் அம்மை போட்டால் வேப்பிலையும் மஞ்சளும். பாதிக்குமேல் பிழைத்துவிடும். பிழைக்காததற்குக் காரணம் கோழிக்காரியின் சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டிவிட்டுத் தனம் வீட்டுக்குப் போய்விடுவாள்.

இந்த வைத்திய சாஸ்திரத்தில் பாதி, கூண்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த தினசரி காலண்டர். அமாவாசையில் அடை வைக்க மாட்டாள். வைத்தால் முட்டை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும், பதினொன்று அல்லது பதிமூன்று. செவ்வாய்க்கிழமை குஞ்சு விற்க மாட்டாள். ராகு காலத்தில் கூண்டுக் கதவையே திறக்க மாட்டாள். சுண்ணாம்பும் சாம்பலும் செய்த வேலைக்கெல்லாம் காலண்டரும் பேர் வாங்கிக்கொண்டிருந்தது. தெருப் பெண்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பதைவிடக் காலண்டர் பார்ப்பது சுலபம். அதனால் அவளிடமிருந்து அதை மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள்.

அந்த வருஷம் மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கோழிக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போட ஆதிராஜ் வந்தார். கால்நடை ஆய்வாளர். போளூர்ப் பக்கத்துச் சமண நயினார் வீட்டுப் பிள்ளை. பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார், முட்டையை வாயில் வைத்ததில்லை, வெங்காயம்கூடக் கிடையாது. அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு நாளைக்கு நானூறு கோழியின் இறக்கையைத் தூக்கி ஊசி குத்துவார். "நீங்க துன்னப்போறதும் இல்ல, அப்புறம் எதுக்கு சார் இதுங்க மேல இத்தினி அக்கற?" என்று பெண்கள் கேலி செய்தால், "துன்னாதவனுக்குத்தாம்மா அக்கற வரும்" என்பார்.

வேப்பமரத்தடியில் ஐஸ் பெட்டியை இறக்கி மருந்தைக் கலக்கும்போது மணி பத்தே கால். வண்டி பஞ்சராகித் தாமதம். வரிசையில் முதலில் நின்றவள் பச்சையம்மாள், தனத்துக்கு எதிர்வீடு, அவளைவிட ஆறு வயது மூத்தவள். இரண்டு கூடையில் பதினேழு கோழி. மகள் கஸ்தூரிக்கு இது தலைப்பிரசவம், சித்திரையில் நாள். பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாளும் நாட்டுக்கோழிச் சாறு வைத்துத் தேற்றி அனுப்ப வேண்டும் என்று ஆடியிலிருந்து ஒன்றைக்கூட விற்காமல் வளர்த்து வைத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர்.

தனம் காலண்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"வெள்ளிக்கெழம பத்தரையிலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் ராகு காலம். உசுருல ஊசி குத்தற வேல. பன்னெண்டுக்கு மேல போடுங்க சார்."

"கலந்துட்டேம்மா. கலந்தா ரெண்டு மணி நேரம்தான் அதுக்கு உசுரு. இங்க முடிச்சிட்டு அடுத்த தெருவுக்கும் போவணும். அப்புறம் இது வெறும் தண்ணி."

"அப்ப வேற பாட்டில் கலங்க."

"அது வேற ஊருக்கும்மா."

பச்சையம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னா தனம் பண்ணலாம்?" என்று கேட்டாள். இங்கேதான் தனத்தின் வாய் சும்மா இருந்திருக்க வேண்டும். இருந்தால் அது தனத்தின் வாயா?

"உன் இஷ்டம்க்கா. கஸ்தூரிக்குன்னு வளத்த கோழி. நானா இருந்தா போட மாட்டேன்."

பச்சையம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவளைப் பார்த்து இன்னும் மூன்று பேர் போனார்கள். ஜோதியம்மாள் மட்டும், "எனக்கு ஊட்ல வேல கெடக்குது, ராகுவும் கேதுவும் நீயே பாத்துக்க" என்று சொல்லித் தன் ஒன்பது கோழிக்கும் போட்டுக்கொண்டாள். ஆதிராஜ் பெட்டியை மூடினார். வண்டியில் ஏறும்போது தனத்திடம், "ராகு காலம் ஒண்ணரை மணி நேரத்துல போயிடும்மா. சீக்கு வந்தா அப்படிப் போவாது" என்றார்.

அந்த ஒரு வார்த்தை அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. போன வருஷம் அதே மாசியில் இருபத்தாறு கோழியை ஒன்பது நாளில் புதைத்தவள் அவள். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து முறுக்கிக்கொண்டு, இழுத்து இழுத்து மூச்சுவிட்டுச் செத்ததையெல்லாம் மடியில் வைத்துப் பார்த்திருக்கிறாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஆதிமூலத்தின் மேல் எரிந்து விழுந்தாள். திங்கட்கிழமை ஆதிராஜுக்குப் போன் போட்டாள். செவ்வாய்க்கிழமை காலையில் பக்கத்து ஊரில் முகாம், ஏழு மணிக்கே ஆரம்பம் என்றார். செவ்வாய்க்கிழமை ராகு காலம் சாயங்காலம் மூன்று மணிக்குத்தான். ராகுவுக்கும் குறை வைக்காமல் கோழிக்கும் குறை வைக்காமல் முடிந்துவிடும் என்று தனம் கணக்குப் போட்டாள். அந்தக் கணக்கில் தெரு வரவில்லை.

செவ்வாய் காலை ஆறரைக்கு, மூன்று கூடையில் இருபத்திரண்டு கோழியும் ஆட்டோவில் ஏறின. மேலே பழைய புடவை போட்டு மூடியிருந்தது. ஆதிமூலம் சாவியைத் திருகுவதற்குள் உள்ளேயிருந்த சேவல் தெருவுக்கே கேட்கிற மாதிரி கூவியது. வாசல் பெருக்கிக்கொண்டிருந்த பச்சையம்மாள் துடைப்பத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னா தனம், குடும்பத்தோட கெளம்பிட்ட?"

சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது என்று பிற்பாடு தனமே ஒத்துக்கொண்டாள். ஆனால் சொன்னால், வெள்ளிக்கிழமை தான் சொன்னது தப்பு என்று ஆகிவிடும். அதுவும் யார்? கோழி டாக்டரம்மா.

"கூண்டுக்கு சுண்ணாம்பு அடிக்கறேன்க்கா. அதுவரைக்கும் எங்க அண்ணன் வூட்ல இருக்கட்டும்னு."

ஆட்டோ நகர்ந்ததும் ஆதிமூலம் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். "உங்க அண்ணன் எப்ப ஊசி போடக் கத்துக்கினான்?"

"ரோட்டப் பாத்து ஓட்டு."

முகாமில் ஆதிராஜ் ஒவ்வொரு கோழியாக வாங்கி ஊசி போட்டார். "தெருவுல மத்தவங்களையும் வரச் சொல்லுங்கம்மா. பன்னெண்டு மணி வரைக்கும் இங்கதான். மருந்து நெறைய இருக்குது" என்றார். "சொல்றேன் சார்" என்றாள். எட்டரைக்கு வீடு திரும்பினாள். சொல்லவில்லை. சொன்ன பொய்க்குத் தோதாகச் சுண்ணாம்பு வாங்கி வந்து, போன வாரம்தான் அடித்த கூண்டுக்கு மறுபடியும் அடித்தாள். பன்னிரண்டு மணிவரை அடித்தாள். எதிர்வீட்டுக் கோழிகள் குப்பைமேட்டில் கிளறிக்கொண்டிருந்தன.

மூன்று வாரம் கழித்து வளைகாப்பு முடிந்து கஸ்தூரி அம்மா வீட்டுக்கு வந்தாள். கொண்டுவந்து விடுகிற மருமகனுக்கு விருந்து வைக்க வேண்டுமே என்று பச்சையம்மாள் சந்தையில் ஒரு சேவல் பிடித்து வந்தாள். வந்த மருமகன் அன்றைக்குக் கிருத்திகை, முருகனுக்கு விரதம் என்று சொல்லிவிட்டான். மறுநாள் அவனுக்கு வேலை. மூன்றாம் நாள் வந்து சாப்பிடுகிறேன் என்று போனான். அந்த மூன்று நாளும் சேவல் பச்சையம்மாளின் கூண்டிலேயே மற்றவற்றோடு தங்கியது. புதுக் கோழியைப் பத்து நாளாவது தனியாகக் கட்டிவைக்க வேண்டும் என்று தனம் சொல்லாத நாளில்லை. ஆனால் மருமகனுக்கு வந்த சேவலைச் சீக்காளி மாதிரி தனியாகக் கட்டுவது மரியாதை இல்லை என்று பச்சையம்மாளுக்குப் பட்டது.

மருமகன் வருவதற்குள் சேவல் செத்துவிட்டது. அடுத்த நாள் இரண்டு கோழி. அதற்கடுத்த நாள் ஐந்து. தனம் தன் வாசல் வேலிக்கு இந்தப் பக்கமே நின்று எதிர்வீட்டைப் பார்த்துக் கத்தினாள், செத்ததை ஏரியில் வீசாதே, குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதை, சாகப்போகிறது என்று அறுத்து அக்கம்பக்கத்துக்குக் குழம்பு கொடுத்தனுப்பாதே, இறகையும் குடலையும் குப்பைமேட்டில் கொட்டாதே. உருண்டை உருட்டி வேலிமேல் வைத்தாள். தன் கூண்டுக்கு இரண்டு தாழ்ப்பாளையும் போட்டாள். ஆதிமூலம் வெளியே போய் வந்தால் பிளீச்சிங் பவுடர் கரைத்த சட்டியில் காலை நனைக்காமல் உள்ளே விடவில்லை. ஏழு நாளில் பச்சையம்மாளின் பதினாறு கோழி போயின. பதினேழாவது, ஒரு சாம்பல் நிறப் பெட்டை, பிழைத்தது. பிழைத்தும் கழுத்து கோணிப்போய், இரை கொத்தினால் தவிட்டுக்குப் பக்கத்தில் மண்ணைக் கொத்தியது.

போட வேண்டாம் என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போன மற்ற மூன்று வீட்டிலும் சாவுதான். தனத்தின் இருபத்திரண்டும் கொழுகொழுவென்று நின்றன.

இப்போது தெரு யோசிக்க ஆரம்பித்தது. தெரு யோசித்தால் எப்படி இருக்கும் என்பது தெரிந்த விஷயம்தான். ஜோதியம்மாள் ராகு காலத்தில் ஊசி போட்டாள். அவள் வீட்டில் இரண்டு குஞ்சு செத்தது. அவை ஊசி போடும் வயசுக்கு வராத குஞ்சுகள், அவற்றுக்கு ஊசியே போடவில்லை என்று அவள் தொண்டை வற்றச் சொல்லியும் யாரும் கேட்கவில்லை. தனம் ராகு காலத்தில் போடவில்லை, அதற்கு அப்புறமும் போடவில்லை. அவள் வீட்டில் ஓர் இறகுகூட உதிரவில்லை. ஆகவே ஊசிதான் சீக்கைக் கிளப்பிவிட்டது. தனத்தின் கைராசியும் காலண்டரும்தான் காப்பாற்றின.

"உன் பேச்ச முழுசா கேட்டிருக்கணும் தனம். சேவலத் தனியா கட்டாதது என் தப்பு" என்று பச்சையம்மாள் ஒருநாள் வந்து அழுதாள். "நீ அன்னைக்கே ஊசி வாணாம்னு தடுத்த. இல்லாட்டி இந்த ஒண்ணும் மிஞ்சியிருக்காது."

தனத்துக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட பயமாக இருந்தது. ஆதிமூலத்திடம் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. "எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? எதிர்வூட்ல சொல்லு" என்றான். நாளைக்குச் சொல்கிறேன் என்றாள். இப்படி நாலு நாளைக்கு நாளை ஓடியது.

பங்குனியில் ஒரு வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆதிராஜ் மறுபடியும் வந்தார். சீக்கு பரவாமலிருக்க, மிச்சமிருக்கும் வீடுகளுக்கெல்லாம் ஊசி போட உத்தரவு. வேப்பமரத்தடியில் பெட்டியை இறக்கினார். தெருவில் இன்னும் நூறு கோழிக்குமேல் இருந்தது. ஒரு கூடைகூட வெளியே வரவில்லை. பெண்கள் மட்டும் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"எங்களுக்கு ஊசி வாணாம் சார். தனம் வூட்டுக் கோழிக்கு ஊசியே இல்ல. நல்லா இருக்குதா இல்லையா, நீங்களே பாருங்க" என்றாள் ஒருத்தி.

ஆதிராஜ் தனத்தைப் பார்த்தார். அந்த இருபத்திரண்டு இறக்கையையும் தன் கையாலேயே தூக்கிய மனிதர். அவர் வாயைத் திறந்தால் முடிந்தது கதை. அவர் திறக்கவில்லை. மருந்துப் பாட்டிலை ஒரு கையிலும் கலக்கும் தண்ணீரை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, "கலக்கட்டுமாம்மா, மூடிடட்டுமா?" என்று அவளிடம் மட்டும் கேட்டார்.

தனம் கூட்டத்தைப் பார்த்தாள். முன்வரிசையில் பச்சையம்மாள் நின்றாள். அவளுக்குப் பின்னால், வயிற்றைத் தாங்கிக்கொண்டு கஸ்தூரி.

"கலங்க சார்" என்றாள் தனம். குரல் அவளுக்கே கேட்கவில்லை, மறுபடியும் சொன்னாள். "கலங்க. என் கோழிக்கு ஊசி போட்டுச்சி. அந்த வெள்ளிக்கெழமைக்கு அடுத்த செவ்வாக்கெழம, பக்கத்து ஊருக்கு ஆட்டோவுல எடுத்துனு போயி, இதோ இந்த சார்தான் போட்டாரு. எனக்கு ராசியும் கெடயாது, ஒரு எழவும் கெடயாது. ஊசிதான். உங்க கிட்ட சொன்னா என் பேச்சுக்கு மதிப்பு போயிடும்னு மறைச்சிட்டேன். போங்க, போயி கோழியப் புடிச்சினு வாங்க."

ஜோதியம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். அவள் சொன்னதை அச்சில் போட முடியாது. இன்னொருத்தி தரையில் காறித் துப்பிவிட்டுப் போனாள். ஆனால் போனவர்கள் கூடையோடு திரும்பி வந்தார்கள். திட்டிக்கொண்டே வரிசையில் நின்றார்கள், திட்டிக்கொண்டே கோழியை நீட்டினார்கள். ஆதிராஜ் தலை நிமிராமல் குத்திக்கொண்டே இருந்தார்.

பச்சையம்மாள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். போய்ப் பிடித்து வர அவள் வீட்டில் அந்தக் கழுத்து கோணிய பெட்டையைத் தவிர ஒன்றும் இல்லை. தனம் கிட்டே போனாள். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், கை ஓங்கினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டாள். "க்கா, என் கூண்டுல எத்தினி வேணுமோ புடிச்சிக்க. கஸ்தூரிக்கு நாப்பது நாளும் நான் தரேன்" என்றாள்.

பச்சையம்மாள் தெருவோரம் நின்ற ஆதிமூலத்தின் ஆட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகத்தான் கேட்டாள்.

"அன்னைக்கு நான் எட்டிப் பாத்தேனே தனம். மூணு கூடைதான இருந்துச்சி. என் ரெண்டு கூடைக்கு எடம் இருந்துச்சே."